திருத்துவதற்காகக் கட்டிய சிறை

டைம் டிராவல் படம்னா நமக்கு உடனே மெஷின், வயர், ப்ளூ லைட் எல்லாம்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஒரு பழைய ஜெயில்.

1995-ல் டெர்ரி கில்லியம் இயக்கிய ‘12 மங்கீஸ்’ படம் பார்த்திருப்பீங்க. புரூஸ் வில்லிஸ் நடித்த ஜேம்ஸ் கோல் எதிர்காலத்தில் ஒரு கைதி. வைரஸால் 500 கோடி பேர் செத்துப்போக, மிச்சமிருப்பவர்கள் பூமிக்கு அடியில் வாழ்கிறார்கள். கடந்த காலத்துக்குப் போய் தகவல் கொண்டுவந்தால் தண்டனை ரத்து என்று அவனிடம் பேரம் பேசுகிறார்கள். தப்பா 1990-க்கு அனுப்பிடறாங்க. அவன் சொல்றதை யாரும் நம்பல. மனநல மருத்துவமனையில் போட்டுப் பூட்டுகிறார்கள்.

அந்த மருத்துவமனைக் காட்சிகளை எடுத்த இடம், பிலடெல்பியா நகரத்துக்குள்ளேயே இருக்கிற ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை. 1829-ல் திறந்து 1971-ல் மூடினாங்க. ஜான் ஹேவிலண்ட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி நாலா பக்கமும் நீளும் பிளாக்குகள். உலகம் முழுக்க சுமார் 300 சிறைகள் இதைப் பார்த்துக் கட்டப்பட்டவை.

இதைக் கட்டினவங்க கொடூரமானவங்க இல்லைங்க. அடி, உதை, சவுக்கு எதுவும் வேண்டாம், மனிதனைத் தனியா விட்டா யோசிப்பான், மனம் வருந்தித் திருந்துவான் என்று உண்மையிலேயே நம்பினார்கள். ஒவ்வொரு அறையிலும் தண்ணீர்க் குழாய், கழிப்பறை இருந்தது. வெள்ளை மாளிகைக்கே குழாய்த் தண்ணீர் 1833-ல்தான் வந்தது! ஆனா பேச ஆள் கிடையாது. கூரையில் ஒரே ஒரு வெளிச்சத் துளை. தினமும் ஒரு மணி நேரம் தனி முற்றம். வெளியே கூட்டிப்போனால் முகத்தை மூடித் துணி. கைதிகள் குழாயைத் தட்டித் தட்டித்தான் பக்கத்து அறையோடு பேசியிருக்கிறார்கள்.

1842-ல் சார்லஸ் டிக்கன்ஸ் இங்கே வந்தார். உடம்பை வதைப்பதைவிட மூளையைத் தினம் தினம் இப்படிச் சோதிப்பதுதான் கொடுமை என்று எழுதினார். நல்ல எண்ணத்தில் செய்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டார். தனிமை முறையை அதிகாரபூர்வமாகக் கைவிட 1913 ஆனது.

இப்ப படத்துக்கு வருவோம். கோலுக்குப் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் கேட்கும். ஆள் தெரியாது. நிஜமா, பிரமையா? அவனுக்கே புரியாது. ஒரு கட்டத்தில், நான் பைத்தியமாகவே இருந்துவிட்டால் நிம்மதி என்று அவன் ஆசைப்படுகிறான். எனக்குப் படத்திலேயே பயமான இடம் அதுதான், வைரஸ் இல்லை. உண்மையைச் சொல்லும் ஒருத்தன், கேட்க ஆளில்லாததால் தன்னையே சந்தேகிக்கிறான். டிக்கன்ஸ் அந்தச் சுவர்களுக்குள் பார்த்ததும் இதைத்தான்.

அறிவியல் புனைகதை எதிர்காலத்தைச் சொல்லும் என்கிறோம். இந்தப் படம் 2035-ஐக் காட்டுது. ஆனா தனிமைச் சிறை இன்னைக்கும் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கு. ‘அவங்க நல்லதுக்குத்தான்’ என்று சொல்லி ஒருத்தரைப் பூட்டும்போது, உள்ளே இருப்பவரிடம் யாராவது கேட்டார்களா என்று பாருங்க.

படம் பார்த்துட்டு உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!