மீண்டும் படித்த அம்புலிமாமா



இளமையில் படித்த கதைப் புத்தகங்களை முதிர்ந்த வயதில் மீண்டும் எடுத்துப் படிப்பவர் நம்மில் மிகச் சிலரே. ஊர்விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு அதற்கு வாய்ப்பும் குறைவு. ஒவ்வொரு மாற்றலின்போதும் முதலில் பழைய காகிதக்காரரிடம் போவன அப்புத்தகங்களே அன்றோ?

எப்படியோ தப்பி நம் இரும்புப் பெட்டியில் தங்கிவிட்டது, தைத்துக் கட்டிய அம்புலிமாமாத் தொகுதி ஒன்று. 1960களில் வந்த இதழ்கள். சென்ற கோடையில், தில்லி வெயிலுக்கு அஞ்சி வீட்டினுள் அடைந்திருந்த நம் பேத்திக்கு அதைப் படித்துக் காட்டினோம். எட்டு வயதுப் பெண். தமிழ் பேசுவாள், தமிழ் எழுத்து அறியாள்.

1947இல் சென்னையில் தோன்றிய அவ்விதழ், பின்னர் இந்தி, மராத்தி, கன்னடம், மலையாளம் எனப் பல மொழிகளில் வெளிவந்தது. எழுத்து வேறாயினும் படங்கள் அவையே. ஆகவே, வாளேந்திய அரசன் சவத்தைத் தோளில் சுமந்து வரும் ஓவியர் சங்கரின் படத்தைக் கண்டால், நம் அண்டை வீட்டு மராத்தியருக்கும் நமக்கும் ஒரே இளமை திரும்புகிறது. 2013ஆம் ஆண்டளவில் இதழ் நின்றுபோயிற்று.

கதை யாவரும் அறிந்ததே. சவத்தினுள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் கூறாவிட்டால் அரசனின் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிவிடும். மாதந்தோறும் அரசன் பேசுவான். மாதந்தோறும் நாம் சினம் கொள்வோம். சற்றே வாயை மூடிக்கொண்டிருக்கலாகாதா என்று தோன்றும்.

பேத்தி கேட்டாள்: "தாத்தா, தெரியாதுன்னு ராஜா சொல்லியிருக்கலாமே?"

அந்நாளில் நமக்குத் தோன்றாத கேள்வி! உத்தியோக வாழ்வில் விடை தெரிந்தும் தெரியாதவர்போல் நாம் அமர்ந்திருந்த கூட்டங்கள் எத்தனை! நம் தலை வெடிக்கவில்லை. பதவி உயர்வே கிடைத்தது. குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது? "பொய் சொன்னாலும் தலை வெடிக்கும், அம்மா" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டினோம்.

அம்புலிமாமாவில் இக்கதை முடிந்ததே இல்லை. புதிய புதிய கதைகளாக நீண்டது. ஆனால் பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் அதற்கு முடிவுண்டு. தந்தை மகளையும், மகன் அவள் தாயையும் மணந்தால், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று வேதாளம் கேட்கிறது. அரசன் உண்மையாகவே விடையறியாமல் மௌனமாக நடக்கிறான். அவனை வாயடைக்கச் செய்தது உறவுமுறைக் கேள்விதான். பெரியப்பா, அத்திம்பேர், மாமா அனைவரையும் 'அங்கிள்' என ஒரே சொல்லில் அடக்கும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு அப்புதிரை எங்ஙனம் விளக்குவது?

மறுநாள் நமக்குக் கண் வலி. பேத்தியின் தாய், நம் மகள், படிக்க அமர்ந்தாள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பின்னர்த் தமிழ் பயின்றவள் அவள். நான்காம் வரியில் தயங்கி நின்றாள். துதிக்கைபோல் மேலே வளைந்த பழைய 'லை' அவளுக்குப் புதிது. 'தலை' என்னும் சொல் அது. விரல் வைத்துக் காட்டினோம். பேத்தியும் குனிந்து பார்த்து, "இது யானை மாதிரி இருக்கே, இன்னொண்ணு எங்கே இருக்கு?" என்று அந்தப் பக்கம் முழுவதும் தேடத் தொடங்கினாள். அன்று கதை அவ்வரியைத் தாண்டவில்லை.