கடனைவிட மறைப்பதே ஆபத்து

நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, அங்கே பாதுகாப்புத் துறை சார்ந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இரகசியத் தகவல்களைக் கையாள 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்' வேண்டும். அதற்கான எஸ்.எஃப்.-86 படிவத்தில், கடந்த 7 ஆண்டுகளில் எந்தக் கடனையாவது 120 நாட்களுக்கு மேல் கட்டாமல் விட்டதுண்டா என்று கேட்பார்கள்.

கடன் இருப்பதாலேயே மறுத்துவிட மாட்டார்கள். கடன் நெருக்கடியில் இருப்பவரைப் பணம் காட்டி மடக்கிவிடலாம் என்பது அவர்களின் அச்சங்களில் ஒன்று. வேலை இழப்பு, மருத்துவச் செலவு போன்ற காரணங்களையும், பொறுப்பாகத் தவணை கட்டி வருவதையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே மறைத்தால் நேர்மையே கேள்விக்குள்ளாகும்.

ஆகவே, அடுத்த முறை போனில் பேசும்போது "சாப்பிட்டியா?" என்பதோடு, "கடன் ஏதும் இருக்காப்பா?" என்றும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். நம்மிடம் மறைத்துப் பழகிய பிள்ளை படிவத்திலும் மறைத்துவிடக்கூடும்.