சித்திரை முதல் நாளும் சிகிச்சை நாட்காட்டியும்

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெரும்பாலும் சுற்றுகளாகத் தரப்படுகிறது. 21 நாள் சுற்று பரவலானது. மருந்து ஏறுவது ஒன்றோ சில நாட்களோதான். மீதி நாட்கள் உடல் தேறுவதற்கு. சித்திரை முதல் நாள் இந்தச் சுற்றின் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தே நோயாளியின் வீட்டில் புத்தாண்டு அமைகிறது.

வேகமாகப் பெருகும் செல்களையே இம்மருந்துகள் தாக்குகின்றன. வெள்ளணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் இந்தத் தாக்குதலுக்குத் தப்புவதில்லை. மருந்து ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் பொதுவாக வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது கோயில் நெரிசல் ஆகாது. சளி, இருமல் உள்ள உறவினர் தொலைபேசியில் வாழ்த்துவதே பேரன்பு. காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், நல்ல நாளாயிற்றே என்று தயங்காமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெள்ளணு குறைந்த உடலில் தொற்று சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

நாக்கும் மாறுகிறது. பலருக்கு எதை உண்டாலும் உலோகச் சுவை தட்டும். புத்தாண்டு விருந்தின் மாங்காய்ப் பச்சடியிலுள்ள புளிப்பும் இனிப்பும் சிலருக்கு அதைத் தணிக்கும். வாய்ப்புண் இருப்பவருக்கோ அதே புளிப்பு எரியும். அவருக்கு நெய்விட்டுக் குழைத்த பருப்புச் சோறே விருந்து. புத்தாண்டுக் காலையில் கனி கண்ட தட்டிலுள்ள பழங்களை நன்றாகக் கழுவி, தோல் சீவித் தர வேண்டும்.

மருந்து ஏற்றும் நாளும் பண்டிகையும் ஒன்றாக வந்தால் மருத்துவரிடம் முன்பே கேட்கலாம். தாமாகத் தள்ளிவைப்பது கூடாது.