எம்-புக்கில் உங்கள் தெரு

உங்கள் தெருவில் புதிதாகப் பேவர் பிளாக் கல் பதித்திருக்கிறார்களா? அப்படியானால் எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், கல் என்ன கனம் என்பதெல்லாம் ஒரு நோட்டில் ஏறியிருக்கும். அதற்கு அளவுப் புத்தகம் என்று பெயர். அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். பொறியாளர் அளந்து அதில் எழுதினால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸாகும்.

டெண்டரில் ஒளிவுமறைவு கூடாது என்று தமிழ்நாட்டில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. அறிவிப்புகளை இன்று இணையதளத்திலேயே பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் வேலையை யார், எத்தனை லட்சத்துக்கு எடுத்தார் என்று தெரிந்தால் போதுமா? அந்தப் பணத்துக்கு என்ன வேலை நடந்தது என்பதை எஸ்டிமேட்டையும் எம்-புக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அவை நமக்கு மனுப் போட்டால்தான் கிடைக்கின்றன.

ஒரு கிராமத்தில் மகளிர் குழுவினருக்கு எம்-புக் படிக்கச் சொல்லிக்கொடுத்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல் நடுவில் விரித்துக் கிடந்தது. கல்லின் கனம் 80 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் எழுந்து போய், வேப்பமரத்தடியில் மிச்சமாகக் கிடந்த கல்லைத் தூக்கிவந்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஆறு சென்டிமீட்டர்! “மிச்சக் கல்லை வைத்துச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பதித்த கல்லையே எடுக்கணும்” என்றார் இன்னொருவர்.

எடுக்கலாம், நேயர்களே! அரசு வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. இதைச் சொன்னால் படித்தவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். அந்தப் பெண்கள் மனுக் கொடுத்தார்கள். அதிகாரிகள் முன்னிலையில் கல் பெயர்க்கப்பட்டது. அதுவும் 60 மில்லிமீட்டர்தான். வித்தியாசத் தொகையை இறுதி பில்லில் பிடித்தார்கள்.

இப்படி ஊர் ஊராக மனுப் போட வைக்காமல், டெண்டர் அறிவிப்பு இருக்கும் அதே இணையதளத்தில் எஸ்டிமேட்டையும் எம்-புக்கையும் ஏற்ற வேண்டும், அதுவும் ஊர்ப் பெயரைத் தட்டினால் வரும்படி. அரசிடம் நான் கேட்பது இதைத்தான்.

அது நடக்கும்வரை, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆகஸ்டில் அனுப்பிவிட்டால் அக்டோபர் 2 கிராம சபைக்கு நகலோடு போகலாம். போகும்போது ஒரு டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.