கத்தரிப் புழுவும் நம் தோட்டமும்



உழவர் வழிவந்த நாம் 3 சென்ட் வெற்றிடத்தில் கூட்டுத் தோட்டம் தொடங்கியபோது கையிருப்போ சொற்பம். சருகும் சாணமும் மக்கி எருவாயின. வைக்கோல் மூடாக்கு மண்ணின் ஈரம் காத்தது.

கத்தரியில் புழு கண்டதும் நஞ்சு தெளிப்போம் என்றனர் சிலர். அவர்களைக் குறை கூறேன். உழைப்பு வீணாவதை எவர் பொறுப்பர்? ஆயினும் கொல்லாமல் விலக்கவே விரும்பி, 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, 10 லிட்டர் கரைசலாக வடித்து மாலையில் தெளித்தோம். அதன் கசப்பு இலை தின்னும் பூச்சிகளை விலக்கியது. காயைத் துளைத்து உட்புகுந்த புழுவை எட்டவில்லை. காய்களிற் பெரும்பகுதி சொத்தையாயிற்று. அவற்றைப் பறித்துத் தொலைவிலுள்ள புதரோரம் இட்டோம்.

இவ்வாண்டு கத்தரியைக் குறைத்துக் கீரையும் புடலையும் பயிரிட்டுள்ளோம்.