வைத்தியக் கல்வியின் வாசற்படிகள்
(கொட்டகலையில் மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வைத்தியம் படிக்கும் பையன் பேசப்போகிறான் என்றதும், ஏதேனும் மருந்து சொல்வான் என்று சிலர் எண்ணியிருக்கலாம். இரண்டாம் வருட மாணவனிடம் மருந்து கேட்பது ஆபத்து. ஆகையால் படிப்பைப் பற்றியே பேசுகிறேன்.

மனித தேகத்தில் 206 எலும்புகள். அவற்றின் பெயர்களை மனனம் செய்வது மகா கஷ்டம்; செய்து முடித்த பின்னும் நான் பழைய ஆளாகவே இருந்தேன். வேறு சில கருத்துக்களோ சிறியவை. ஆனால், விளங்கிய கணமே நோயாளியைப் பார்க்கும் பார்வை மாறிவிடுகிறது. பழைய பார்வைக்குத் திரும்பவும் முடிவதில்லை. இத்தகைய கருத்துக்களை 2003 ஆம் ஆண்டில் மேயர், லாண்ட் என்னும் கல்வி ஆய்வாளர் இருவர் வாசற்படிக்கு ஒப்பிட்டார்கள். மாணவர் எங்கே இடறி நிற்கிறார்கள் என்று விசாரித்து, வைத்தியக் கல்வியிலும் அப்படிகளைத் தேடுகிறார்கள்.

எங்கள் லயத்தில் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் அப்பாயி தண்ணீரை நிறுத்திவிடுவார். "ஊத்த ஊத்தத்தானே போகுது" என்பது அவர் நியாயம். அது மூடத்தனமன்று, கண்ணாற் கண்டதைச் சொன்னார். உப்பும் சீனியும் கலந்த நீர் கொடுக்கவேண்டும் என்று நான் பரீட்சையில் எழிதாக எழுதிப் புள்ளியும் பெற்றவன். சீனி எதற்கென்று அப்பாயி கேட்டபோது, "தெம்புக்கு" என்று உளறினேன்.

உண்மை வேறு. குடலின் சுவரிலே குளுக்கோசும் உப்பும் சேர்ந்தே உட்செல்லும் வழியொன்று உண்டு. அவற்றின் பின்னே தண்ணீரும் செல்லும். வாந்திபேதியிலும் அவ்வழி அடைபடுவதில்லை. பிள்ளையைக் கொல்வது தேகம் வற்றுவதே. 1971 இல் வங்காள அகதி முகாமிலே சேலைன் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த நீரையே உறவினர் கையிற் கொடுத்து ஊட்டச் செய்தார். 100க்கு 30 வரை இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது.

இது விளங்கிய பின்னும் அப்பாயிக்குச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, படித்தது ஆங்கிலத்தில். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். அந்த உழைப்பின் அருமை அன்றுதான் தெரிந்தது.

இரண்டு நாள் யோசித்து ஒருவாறு சொன்னேன். "அப்போ சீனிதான் தண்ணியைக் கூட்டிட்டுப் போவுதா?" என்றார் அப்பாயி. உடனே, "இன்னும் ரெண்டு கரண்டி போட்டா?" என்றும் கேட்டார். அளவு மிஞ்சினால் சீனியே தண்ணீரைக் குடலுக்குள் இழுத்து ஓட்டத்தைக் கூட்டிவிடும். அதனாற்றான் ஜீவனிப் பக்கற் ஒன்றுக்குச் சரியாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர் என்றேன். என் வகுப்பில் அக்கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.