வயலோரப் பறவையும் கமராவும்



இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்குச் செல்லும் பெருந்தெருவில், பெல்மதுளையைத் தாண்டியபின் வருவது ஓப்பநாயக்க. கொழும்பிலிருந்து புறப்பட்ட களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் ஒரு காலத்தில் இவ்வூரோடு தன் பயணத்தை முடித்துக்கொண்டது. 1970களில் அப்பாதை மூடப்பட்டுவிட்டது. மேட்டிலே தேயிலையும் றப்பரும், பள்ளத்திலே நெல்வயலும், மாணிக்கக்கல் தோண்டிக் கைவிட்ட நீர்க் குழிகளுமாக அமைந்த நிலம் அது. அங்கே ஒரு தோட்டப் பாடசாலையில் நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், நீர்க்கரைப் பறவைகளைப் படம் பிடிக்க முயன்று கற்றுக்கொண்ட சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இப்பறவைகள் அருமையானவை என்று சொல்வதற்கில்லை. கானாங்கோழியை அறியாதவர் நம்மில் யார்? சிங்கள மக்கள் அதனைக் கொரவக்கா என்பர். மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பிலே மண்ணோடு மண்ணாக அசையாது நிற்கும். நாம் காலடியில் வந்த பின்னரே வெண்சிறகு விரித்து எழும். அது கண் தெரியாத பறவை என்று எண்ணித்தானோ என்னவோ, தமிழர் அதனைக் குருட்டுக் கொக்கு என்றனர். சிங்களவரும் அதே பொருளில் கணகொக்கா என்றனர். உண்மையில் அது நம்மைக் காண்கிறது. நாம்தான் அதைக் காண்பதில்லை.

உள்ளானின் செய்தி இன்னும் வியப்பானது. ஊசிபோன்ற வாலிறகுகளையுடைய உள்ளான், சைபீரியாவிலே குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் வயல்களைத் தேடி வருகிறது. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் பின்தள்ளி அமைந்தவை. அலகைச் சேற்றில் புதைத்து இரை தேடும்போதே, பின்னால் வருபவனையும் அது பார்த்துவிடும். இத்தகைய பறவையைப் பதுங்கிச் சென்று பிடித்துவிடலாம் என்று கமராவோடு புறப்படுபவன் ஏமாந்தே திரும்புவான். நானும் பல நாள் அவ்வாறே திரும்பினேன்.

ஒரு மழைக்காலத்தில், கைவிடப்பட்ட குழியொன்றின் ஓரத்துப் புதரிலே கானாங்கோழியின் கூட்டைக் கண்டேன். பழுப்புப் புள்ளிகள் இட்ட ஐந்து முட்டைகள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்தன. படம் தெளிவாக விழப் புல் தடையாக இருந்தது. முன்பக்கத்துப் புல்லைக் கத்தியால் அறுத்து ஒதுக்கினேன்; நல்ல வெளிச்சம் கிடைத்தது; நான்கு படங்கள் எடுத்தேன். மறுநாட் காலையில் போய்ப் பார்த்தபோது கூட்டில் ஓடுகள் மட்டுமே கிடந்தன. வந்தது காகமோ கீரியோ, நான் அறியேன். வழியைத் திறந்துவிட்டவன் நான் என்பதை மட்டும் அறிவேன்.

பக்கத்து வயலிலே எருமை மேய்த்துக்கொண்டிருந்த தோட்டத்து முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "வாத்தியாரய்யா, அது கட்டியிருந்த வேலிய நீங்க பிடுங்கிட்டீங்க. கதவில்லாத லயத்துல பிள்ளையப் படுக்க வைப்போமா?" என்றார். கடிந்து சொல்லவில்லை, மெல்லத்தான் சொன்னார். எனக்கு மறுமொழி வரவில்லை. அந்த நான்கு படங்களையும் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

பின்பு அவரே எனக்கு ஆசிரியரானார். எருமை அருகே வந்தால் மடையான் பறப்பதில்லை. களை பிடுங்கும் பெண்களைக் கண்டாலும் அஞ்சுவதில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக வந்து போகும் உருவத்தைப் பறவை பழகிவிடுகிறது. புதிதாக வந்து, உற்றுப் பார்த்து, நேராக நடந்து வருபவனைக் கண்டே அஞ்சுகிறது. இதனை அவர் எந்த நூலிலும் படித்தறிந்தவரல்லர்.

இங்கிலாந்திலே கேட்டன் சகோதரர்கள் கண்டதும் இதுவே. ரிச்சர்ட், செர்ரி என்ற அவ்விருவரும் 1892 ஆம் ஆண்டிலேயே பறவைக் கூட்டைப் படம் பிடித்தவர்கள். உள்ளே குடைந்த மாட்டுருவொன்றைச் செய்து, அதற்குள் கமராவோடு மறைந்திருந்து பறவைகளைப் படம் எடுத்தனர். மாட்டைக் கண்டு பறவை அஞ்சாது என்பதே அவர்களுடைய கணக்கு. ஓப்பநாயக்க வயலிலே எருமை மேய்த்தவரின் கணக்கும் அதுதான்.

எனக்கு மாட்டுருச் செய்ய வசதியில்லை. பழைய சாக்குகளைக் கொண்டு மறைவிடம் ஒன்று அமைத்தோம். முதல் நாள் தொலைவில் நான்கு கம்புகள் மட்டும் நட்டோம். இரண்டு நாள் கழித்துச் சாக்கைப் போர்த்தினோம். பின் நாளுக்குச் சில அடிகளாக நீரருகே நகர்த்தினோம். உள்ளே போகும்போது இருவராகப் போவோம். முதியவர் மட்டும் வெளியேறி எருமையோடு நடந்து போவார்.  ஆள் போய்விட்டான் என்று பறவை அமைதியடையும். விடியுமுன் போய், வெயில் ஏறுமுன் திரும்புவது வழக்கம்.

இவ்வாறு பதினொரு நாள் இருந்தபின், ஒரு மாலையில் மயில் உள்ளான் வெளிப்பட்டது. இவ்வினத்தில் பெண்ணே அழகிய நிறமுடையது. முட்டையை அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் தொழில். மங்கிய நிறமுடைய அத்தந்தை மூன்று குஞ்சுகளோடு சேற்றில் நடந்து வந்தது. வெளிச்சம் போதவில்லை. மின்னொளி விளக்கு பையில் இருந்தது. கை அதன்மேற் சென்றது, பின் விலகிக்கொண்டது. ஒரே ஒரு படம் எடுத்தேன். அது தெளிவற்றதாகவே வந்தது. ஆயினும் மறுநாள் மாலையும் அக்குடும்பம் அங்கேயே மேய்ந்தது.

தமிழகத்து இயற்கையறிஞர் மா. கிருஷ்ணனை உங்களிற் சிலர் அறிந்திருக்கலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், 1996 இல் மறைந்தவர். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். பல பகுதிகளைத் தாமே பொருத்தி அமைத்த கமராவைப் பயன்படுத்தினார். விலங்கையும் பறவையையும் நெடுங்காலம் பார்த்துப் பழகியவர் என்பதாலேயே அவருடைய படங்களும் எழுத்தும் இன்றும் மதிக்கப்படுகின்றன.

இன்று காலம் மாறியிருக்கிறது. கைத்தொலைபேசியிலேயே கமரா இருக்கிறது. தொலைவிலிருந்தே படம் எடுக்கும் வில்லைகள் வந்துவிட்டன. இது பறவைக்கும் நன்மையே. ஆனால் பறவையின் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டு அதனை வெளியே இழுப்போரும், கூடிருக்கும் இடத்தை உடனே ஊரறியச் செய்வோரும் இருக்கின்றனர். அழைப்பைக் கேட்டு எதிரி வந்துவிட்டானென்று ஓடிவரும் பறவை, அடைகாப்பதையும் இரை தேடுவதையும் விட்டே வருகிறது. கூடு இருக்குமிடம் தெரிந்தால் ஒருவர் பின் ஒருவராகப் பலர் வருவர். அவர்கள் மிதித்த தடத்தின் வழியே கீரியும் வரும்.

ஆகவே, கமராவோடு வயலுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு நான் கூறுவது இதுதான். கூட்டருகே ஒரு புல்லையும் அறுக்காதீர்கள். பறவை தலை நிமிர்ந்து மேய்ச்சலை நிறுத்தினால், நீங்களும் அங்கேயே நின்றுவிடுங்கள். வயலுக்குரியவரிடமும், அங்கே நாள்தோறும் உழைப்பவரிடமும் முதலிற் பேசுங்கள். பறவையைப் பற்றி உங்களிலும் அதிகம் அறிந்தவர்கள் அவர்கள். நீங்கள் திரும்பி வரும்போது, பறவை முன்பு நின்ற இடத்திலேயே மேய்ந்துகொண்டிருக்குமாயின், படம் கிடைக்காவிட்டாலும் மறுநாள் மீண்டும் போகலாம்.